அம்மாவுக்கு நீந்தத் தெரியும்

அம்மா மறைந்து ஓராண்டு நிறைவதையொட்டி இம்மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய மகளின் வணக்கம்.

மலரின் முதல் பக்கத்தில் அம்மாவின் வாழ்க்கைக் குறிப்பு உள்ளது. அதை எழுதியவர் அம்மாவின் மூத்த அண்ணனாகிய எங்கள் பெரிய மாமா. அதில் ஒரு வாக்கியத்தை மட்டும் நீக்கிவிடும்படி நான் அவரைப் பலமுறை வேண்டினேன். “சிறு வயது முதல் இறுதி நாள் வரை தண்ணீரைக் கண்டால் அஞ்சுவார்” என்பது அவ்வாக்கியம். மாமா நீக்கவில்லை. “செத்துப் போனவங்கள பத்திப் பொய் எழுதக் கூடாதும்மா” என்றார். உண்மையை எழுதுங்கள் என்று கேட்டவளுக்குக் கிடைத்த விடை இது. அச்சகத்திலிருந்து ஆள் வந்து காத்திருக்கத் தொடங்கிய பிறகு, “உனக்குத் தோணறத உன் பக்கத்துல எழுதிக்கோ” என்று முடித்துவிட்டார். ஆகவே ஒரே மலரில் ஒன்றையொன்று மறுக்கும் இரு கூற்றுகள் இடம்பெறுகின்றன. அது அச்சகத்தாரின் பிழை அன்று.

இது ஒரு வாக்கியத்தைப் பற்றிய பிணக்கு மட்டுமாக இருந்திருந்தால் விட்டிருப்பேன். அம்மாவின் அஸ்திக் கலயம் கரைக்கப்படாமல், மாமாவின் வயலோரப் புங்க மரத்தில் ஓராண்டாகத் தொங்குவதும் அதே வாக்கியத்தால்தான். தண்ணீருக்கு அஞ்சிய தங்கையைத் தண்ணீரில் விட மாட்டேன் என்கிறார் மாமா. அஞ்சியவர் அல்லர் என்கிறேன் நான். நடந்ததை வரிசையாகச் சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை.

அம்மா கவரைப்பேட்டைக்குக் கிழக்கே, நெல் விளையும் சிற்றூர் ஒன்றில், இரண்டு அண்ணன்களுக்குப் பின் பிறந்தார். வீட்டில் அவரைப் பாப்பா என்று அழைத்தார்கள். தலை நரைத்த பிறகும் மாமாக்களுக்கு அவர் பாப்பாதான்.

அவ்வூரில் பையன்களுக்கு நீச்சல் பழக்கும் முறையைப் பலரும் அறிவீர்கள். காலி மண்ணெண்ணெய் டின்னை மூடி இறுக்கி, முதுகில் கயிற்றால் கட்டிக் கிணற்றில் தள்ளிவிடுவார்கள். டின் மிதக்கும், அதோடு பையனும் மிதப்பான். கை கால் அடிக்கப் பழகியதும் டின்னைக் கழற்றிவிடுவார்கள். பெண் பிள்ளைகளுக்கு இது கிடையாது. ஏழு வயதில் அம்மா தமக்கும் டின் கட்டச் சொல்லி அடம்பிடித்தார். கட்டியவர் பெரிய மாமா. அவரும் அப்போது சிறுவர்தான். கிணற்றில் விழுந்த வேகத்தில் முடிச்சு அவிழ்ந்தது. டின் மேலே வந்தது, அம்மா வரவில்லை. பக்கத்து வயலில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் குதித்து, தலைமுடியைப் பற்றித் தூக்கினார். கால் எட்டவில்லை, கால் எட்டவில்லை என்று அம்மா பல மாதம் உறக்கத்தில் பிதற்றினாராம்.

அதன் பின்னரே வீட்டில் ஜாதகத்தை எடுத்துப் பார்த்தார்கள். நீரில் கண்டம் என்று சொல்லப்பட்டது. பன்னிரண்டு வயது வரை என்றார்கள். பன்னிரண்டு ஆனதும் திருமணம் வரை என்றார்கள். திருமணம் ஆனதும், ஒரு பிள்ளை பிறக்கட்டும் என்றார்கள். கண்டத்தின் எல்லை அம்மாவுக்கு முன்னால் நகர்ந்துகொண்டே இருந்தது. சரியாகக் கட்டப்படாத ஒரு முடிச்சைப் பற்றி யாரும் பேசவில்லை. கிரகங்களைப் பற்றிப் பேசுவது எல்லோருக்கும் எளிதாக இருந்தது.

அச்சம் தீர வேண்டி அமாவாசைதோறும் அவரைத் திருவள்ளூருக்கு அழைத்துச் சென்றார்கள். கோயில் குளத்தில் வெல்லம் கரைத்தால் உடலின் பிணி கரையும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. கரைப்பதற்கு நீர் வரை இறங்க வேண்டுமே. அம்மா மேற்படியை விட்டு அசைய மாட்டார். அங்கிருந்தே வெல்லத்தை வீசுவார். அது பாதிப் படிகளில் விழுந்து கிடக்கும். “இந்த ஊரு எறும்புக்கெல்லாம் பயம் தெளிஞ்சிருக்கும் பாப்பா” என்று சின்ன மாமா கேலி செய்வாராம். அம்மா இதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. ஒரு குழந்தையை அஞ்சும் இடத்துக்கே மாதந்தோறும் அழைத்துச் சென்று, அஞ்சுகிறதா என்று பார்த்துத் திரும்புவதற்குப் பெயர் மருத்துவமா?

திருமணமாகிக் காக்களூருக்கு வந்தார். அப்பா தொழிற்பேட்டையில் லேத் இயக்குபவர், அதிகம் பேசாதவர். தலைக்கு ஊற்றிக் குளிக்கும் நாள்களில் அம்மாவுக்குக் கதவுக்கு வெளியே மனிதக் குரல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பேசுவதற்குப் பொருள் அகப்படாத அப்பா, அன்று பட்டறையில் கடைந்த உருப்படிகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு நிற்பார். புஷ், ஷாஃப்ட், ஃபிளாஞ்ச் என்னும் சொற்களை நான் கற்றது அந்தக் குளியலறை வாசலில்தான்.

பட்டறை மூடப்பட்டபோது குடும்பம் கவரைப்பேட்டைக்கு இடம்பெயர்ந்தது. அப்பாவுக்கு நிலையான வேலை அமையும் வரை என்று சொல்லி, அம்மா தேர்வாய் கண்டிகைத் தொழிற்சாலை ஒன்றில் பேக்கிங் பிரிவில் சேர்ந்தார். இறுதி நோய் வரும் வரை அங்கேயே உழைத்தார். வழியில் ஏரிகள் தெரியும் என்பதால் கம்பெனிப் பேருந்தில் சன்னலோரம் அமர மாட்டார். பேக்கிங் மேசையில் அவருக்கு எதிரே நின்றவர் தேசம்மாள் சித்தி. பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்தில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். அம்மாவை விடப் பத்து வயதுக்கு மேல் இளையவர். நம் உறவினர்களில் சிலருக்கு நான் அவரைச் சித்தி என்று அழைப்பது இன்றும் உவப்பில்லை. அதையும் இங்கேயே குறித்துவிடுகிறேன்.

நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஆண்டு, ஐப்பசி மழையில் ஆரணி ஆறு நிறைந்து எங்கள் தெருவுக்குள் நீர் வந்தது. முழங்கால் அளவுதான். எல்லோரும் பள்ளிக் கட்டடத்துக்கு நடந்து சென்றார்கள். அம்மா கட்டிலின் மேல் நின்றார். நான் கையை நீட்டினேன்; பிடித்துக்கொண்டார்; கால் மட்டும் இறங்கவில்லை. அப்பா அன்று வேலைக்குச் சென்றிருந்தார். இறுதியில் எதிர்வீட்டு அண்ணன் வந்து, அம்மாவை முதுகில் சுமந்து, தெருவே பார்த்திருக்க நடந்தார். நாற்பது வயதைக் கடந்த ஒரு பெண், குழந்தையைப் போல ஒருவருடைய கழுத்தைக் கட்டிக்கொண்டு, கண்களை மூடியபடி சென்றார். பின்னால் புத்தகப் பையோடு நான் நடந்தேன்.

நீர் வடிந்து அம்மா மீண்டும் வேலைக்குச் சென்ற அன்று பேக்கிங் மேசையில் நடந்ததைச் சித்தி பின்னாளில் எனக்குச் சொன்னார். நீச்சல் கற்றுத் தர முடியுமா என்று அம்மா கேட்டிருக்கிறார்.

“யாருக்குக்கா, உன் பொண்ணுக்கா?”

“எனக்கு.”

“இந்த வயசுல இன்னாத்துக்கு? எங்க ஊட்டுக்காரரோட வலைக்குப் போப் போறியா?”

“இன்னொரு வாட்டி யாரும் என்னத் தூக்கிக்கினு போகக் கூடாது.”

அதற்குப் பிறகு சித்தி கேலி செய்யவில்லை, மேசையில் இருந்த வரைக்கும். ஏரிக்கரையில் வேண்டிய மட்டும் செய்தார்.

வீட்டில் ஞாயிறுதோறும் ஓ.டி., அதாவது கூடுதல் நேர வேலை, என்று சொல்லப்பட்டது. அம்மாவும் நானும் கும்மிடிப்பூண்டிக்கு மின்தொடர் வண்டியில் சென்று, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் குப்பத்துக்குச் செல்வோம். அம்மாவின் நீச்சல் உடை, என் பள்ளியின் விளையாட்டுக் கால்சட்டையும் அப்பாவின் பழைய கம்பெனிச் சட்டையும். சில வாரங்களில் அப்பா கண்டுகொண்டார். ஈரத் தலையோடு வந்த அம்மாவிடம், “ஓ.டி.யில மழையா?” என்றார். சிறிது நேரம் கழித்து, “என் சட்டைக்கும் ஓ.டி. போட்டுட்டாங்களா?” என்றார். அதன் பிறகு கேட்டதில்லை. கொடியில் ஒரு புதுத் துவாலை மட்டும் வந்து சேர்ந்தது.

கற்றல் எளிதாக இருக்கவில்லை. அது வேகமாக நடந்தது என்று யாராவது சொன்னால் அதுதான் பொய். முதல் நாள் அம்மா நீரருகே வரவே இல்லை. சித்தி தம் அக்காள் வீட்டிலிருந்து குண்டானை எடுத்து வந்து, ஏரி நீரை மொண்டு, கரையில் வைத்து அதில் முகத்தை வைக்கச் சொன்னார். அம்மா குனிவதும் நிமிர்வதுமாக இருந்தார். “யக்கா, இது சோறு வடிக்கிற குண்டான். இதுல யாருனா முழுகிச் செத்துக்கீறாங்களா?” என்றார் சித்தி. வலை பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. அம்மாவுக்கு இல்லை போலும். மறு வாரமும் வந்தார்.

குண்டானிலிருந்து கணுக்கால், கணுக்காலிலிருந்து முழங்கால் என்று நகர மழைக்காலம் முடிந்து வெயில் வந்துவிட்டது. நடுவில் பல ஞாயிறுகள் உறவினர் வீட்டு நிச்சயத்துக்கும் காதுகுத்துக்கும் போயின. அவற்றிலெல்லாம் யாராவது ஒருவர் அம்மாவின் கண்டத்தைப் பற்றிப் பேசாமல் இருந்ததில்லை. ஏறிய படிகளிலிருந்து அம்மா மீண்டும் இறங்குவார். மறு ஞாயிறு முழங்கால் மீண்டும் கணுக்கால் ஆகும்.

மிதக்கும் பாடம்தான் நெடியது. முதுகுக்குக் கீழே சித்தியின் கை இருக்கும். பொதுவாகக் கற்பிப்பவர்கள் சொல்லாமல் கையை எடுத்துவிடுவார்கள். அம்மா அதற்கு உடன்படவில்லை. சொல்லாமல் அவிழ்ந்த முடிச்சு ஒன்றுதான் அவரை முப்பது ஆண்டுக்கு மேல் முடக்கியிருந்தது. “எடுக்கட்டுமா?” என்று ஒவ்வொரு முறையும் சித்தி கேட்பார். “வேணாம்” என்பார் அம்மா. “என் கை ஒடியுது யக்கா, நீ ஒண்ணும் வஞ்சிர மீன் கெடயாது, சுறா” என்பார் சித்தி. அப்படியும் எடுக்க மாட்டார். ஒரு நாள் கேட்காமலேயே அம்மா சொன்னார்: “எடு.”

நான் இவை அனைத்தையும் கரையிலிருந்து பார்த்தேன். என்னையும் கற்க விடும்படி கெஞ்சினேன்; அம்மா இணங்கவில்லை. “யாராவது ஒருத்தர் கரையில இருந்து பாக்கணும்” என்பார். பிறர் தமக்குச் செய்ததையே அவர் எனக்குச் செய்தார். அதைக் குறித்து எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. ஆனால் அவர் எனக்கு அளித்த வேலை பார்ப்பது. நான் பார்த்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மா மிதக்கவும் கை கால் அடிக்கவும் பழகிய பின் ஒரு ஞாயிறு, என்னையும் ஏற்றிச் சென்ற படகை ஏரியின் ஆழமான தடத்தில் நிறுத்தியிருந்தார்கள். சற்றுத் தள்ளி, வலை கட்டும் மூங்கில் கழி ஒன்று நின்றது. அம்மா படகின் விளிம்பைப் பிடித்து இறங்கினார், விட்டார், கழியை நோக்கி நீந்தினார். அழகான நீச்சல் என்று சொல்ல மாட்டேன். தலையை மிகையாக உயர்த்தியிருந்தார். அப்பாவின் சட்டை காற்றடைத்து முதுகில் உப்பியிருந்தது. கழியைப் பற்றிக்கொண்டு, காலால் கீழே துழாவிப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, ஒரு செய்தியைத் தெரிவிப்பவரைப் போல, “கால் எட்டல, தேசம்மா” என்றார். உறக்கத்தில் பிதற்றிய அதே சொற்கள். இம்முறை அவர் அவற்றை விழித்திருந்து, சிரித்தபடி சொன்னார். படம் எடுக்கவில்லை. கைப்பேசிகள் நனையாதிருக்கக் கரை வீட்டில் வைத்திருந்தோம். “போட்டோ கீதா?” என்று பின்னர் என்னைக் கேட்ட அனைவருக்கும் இதுவே விடை.

மாமாக்களிடம் சொல்லிவிடும்படி நான் வற்புறுத்தினேன். சொன்னால் நம்ப மாட்டார்கள், காட்டுகிறேன் என்றார் அம்மா. வரும் காணும் பொங்கலன்று, எல்லோரும் வயலில் கூடியிருக்கும்போது, விழுந்த அதே கிணற்றில் இறங்குவது என்று முடிவு செய்தார். தை பிறக்கும் வரை அவர் வேறு எதையும் நினைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. காணும் பொங்கலன்று புடவைக்கு அடியில் கால்சட்டையை உடுத்தி வந்திருந்தார்.

கிணறு இல்லை. போர்வெல் போட்டாகிவிட்டது என்று பெரிய மாமா அதைத் தூர்த்து, மண் நிரப்பி, மேலே கீரை விதைத்திருந்தார். அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்துச் சென்று காட்டினார். “இன்னிமே நீ பயமில்லாம இங்க வரலாம் பாப்பா” என்றார். அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை நான் மறுக்கவில்லை. அம்மா கீரைப் பாத்தியின் நடுவில் போய் நின்றார். “நல்லதுண்ணா” என்றார்.

திரும்பும் வழியில் நான் சினந்து பேசினேன். அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். “அவரு ஆசையா பண்ணிக்கீறாரு. அதுல போயி நான் இன்னான்னு சொல்றது” என்றார் அம்மா. என்னால் இதை ஏற்க முடியவில்லை. அன்பு என்ற பெயரால் ஒருவருடைய வெற்றியின் மேல் மண்ணைக் கொட்டலாமா? அதற்கு நன்றியும் சொல்ல வேண்டுமா? அதன் பின் மாமாக்களிடம் சொல்ல வாய்ப்பும் அமையவில்லை, அம்மாவின் சிறுநீரகங்கள் பழுதடைந்தன.

டயாலிசிஸ் தொடங்கியதும் மருத்துவர்கள் அருந்தும் நீரைக் குறைத்தார்கள். நாள் முழுவதற்கும் ஒரு சிறு பாட்டில். அதைப் பார்த்த பெரிய மாமா, “தண்ணியே ஆகாதுன்னு அப்பவே சொன்னாங்க பாரு” என்று வருந்தினார். கூடியிருந்தோர் தலையசைத்தார்கள். அம்மா என்னைப் பார்த்தார். கண்ணாலேயே வேண்டாம் என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். ஆடி மாதத்தில் அமைதியாகக் காலமானார்.

பால் தெளித்த அன்று, வழக்கப்படி அஸ்தியைக் கடலில் கரைக்கும் பேச்சு எழுந்தபோது மாமா மறுத்தார். சுடுகாட்டு வாசலில் தள்ளி நின்றிருந்த தேசம்மாள் சித்தி முன்னால் வந்து, “எங்க ஏரிய நீஞ்சின அக்கா அது. மரத்துல கட்டாதீங்க” என்றார். “துக்கத்துல எதுனா சொல்லிக்கினு இருக்காதம்மா. பாப்பாவ வளத்தவன் நானு” என்றார் மாமா. நான் கண்ணால் பார்த்தேன் என்றேன். நீ சின்னப் பெண் என்றார்கள். அப்பாவிடம் கேட்டார்கள். நீச்சலை அவரும் நேரில் கண்டதில்லை. “ரெண்டு பேரும் ஒத்து வாங்க” என்று மாமாவிடமும் என்னிடமும் சொன்னார். கலயம் மரத்துக்குப் போயிற்று.

அம்மாவின் நோய்க்காலத்தில் உதவியவர்களுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. டயாலிசிஸ் பிரிவின் செவிலியர்களுக்கும், தம் ஷிஃப்டை மாற்றிக்கொண்டு அம்மாவுக்குத் துணையிருந்த பேக்கிங் பிரிவுத் தோழியருக்கும், வெள்ளத்தில் அம்மாவைச் சுமந்த எதிர்வீட்டு அண்ணனுக்கும், சிரித்தாலும் ஒவ்வொரு ஞாயிறும் எங்களுக்குச் சோறு போட்ட குப்பத்துப் பெண்களுக்கும், துவாலை வாங்கிய அப்பாவுக்கும் நன்றி. தேசம்மாள் சித்திக்கு நன்றி சொன்னால் ஏசுவார். இப்போது அவரிடம் நான் நீச்சல் கற்கிறேன். இன்னும் குண்டானைத் தாண்டவில்லை.

கட்டுரை இங்கே முடிந்திருந்தது. அச்சுக்குக் கொடுக்குமுன் பெரிய மாமாவுக்குப் படித்துக் காட்டுவதே முறை என்று கருதிச் சென்றேன். களத்தில் டிராக்டர் அருகே உட்கார்ந்து கேட்டார். முடிச்சு அவிழ்ந்த இடம் வந்ததும், “அத்த இன்னொரு வாட்டி படி” என்றார். படித்தேன். முடிவு வரை கேட்டார். முதல் பக்கம் அதற்குள் அச்சாகியிருந்தது. மாமா அதை மாற்றச் சொல்லவில்லை.

எழுந்து புங்க மரத்துக்குச் சென்றார். கலயத்தை அவரே கட்டியிருந்தார். மழையிலும் வெயிலிலும் கயிறு இறுகிக் கிடந்தது. அறுப்பதற்கு அரிவாளை நீட்டினேன்; வாங்கவில்லை. நகத்தாலும் பல்லாலும் நெடுநேரம் முயன்று அந்த முடிச்சை அவிழ்த்தார். நினைவு நாளன்று காலை ஏரிக்குப் புறப்படுவது என்று முடிவாயிற்று. உடன் வர விரும்புவோர் வரலாம்.

“ஆழமில்லாத எடமா பாத்து உடலாம்மா” என்றார்.

“அம்மா நீந்தன எடத்துல கால் எட்டாது மாமா” என்றேன்.

கலயத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். “அப்ப நானும் கூடவே எறங்கறேன்” என்றார்.

அம்மாவுக்குத் துணை தேவைப்படாது என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மாவைப் போலவே, நானும் சொல்லாமல் விட்டுவிட்டேன்.